அட்டாலியில் கிடக்கும் பழைய ஏர்கன்னை வீட்டிலேயே சரிசெய்வது

எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) காலமான பிறகு காங்கேயம் பக்கத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, ஒழுங்கு செய்தபோது, அட்டாலியில் (பரணில்) கடலைக்காய்ச் சாக்குகளுக்குப் பின்னால் ஒரு ஏர்கன் கிடைத்தது. தோளில் வைக்கும் கட்டை முழுக்கக் கரையான் மண், குழல் மேல் செம்மண் நிறத்தில் துரு. மாமன் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார், எனக்கு மனசு வரவில்லை. அது இப்போது 10 மீட்டரில் ஒரு ரூபாய்க் காசுக்குள் குண்டுகளை வைக்கிறது. அதற்கு அப்புறம் சொந்தக்காரர்கள், நண்பர்கள் என்று இன்னும் நான்கு துப்பாக்கிகளைப் பிரித்துப் பூட்டிவிட்டேன், நான்கிலும் பழுது கிட்டத்தட்ட ஒன்றுதான். காய்ந்துபோன ஒரு தோல் வாஷர்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். நான் சொல்வது குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் காற்றுத் துப்பாக்கிக்கு மட்டும். 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் குண்டு கிளம்பும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். அட்டாலியில் கிடைத்தது ரிவால்வரோ தோட்டா போடும் நாட்டுத் துப்பாக்கியோ என்றால், அதில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி அதைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்து அவர் இறந்துவிட்டிருந்தாலும், முதலில் காவல் நிலையத்தில் போய்ச் சொல்லிவிடுவதுதான் சரி.

சரி, ஏர்கன்னைக் கையில் எடுத்ததும் அது ஏற்றிய நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கியின் வாயை மணல் மூட்டை பக்கம் வைத்துக்கொண்டு, குழலைக் கெட்டியாகப் பிடித்தபடி மெதுவாக மடக்குங்கள். ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளினால் அது ஏற்றப்படவில்லை. எந்தப் பிடிப்பும் இல்லாமல் லொடக்கென்று மடங்கினால், யாரோ பல வருடம் முன்பு ஏற்றி அப்படியே வைத்திருக்கலாம், ஸ்பிரிங் உடைந்தும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் ஏற்றியதாகவே நினைத்துக்கொள்ளுங்கள். குழல் மடங்கி நிற்கும்போது ட்ரிகரை மட்டும் தொடவே தொடாதீர்கள். குழல் அறைந்துகொண்டு மேலே வரும், இடையில் விரல் இருந்தால் விரல் போகும், இல்லாவிட்டால் குழல் வளையும். குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, குண்டு சிக்கியிருந்தால் கொஞ்சம் எண்ணெய் விட்டு மரக்குச்சியால் தள்ளி எடுங்கள். அப்புறம் ஒரு குண்டு போட்டு மூடி மணலில் சுட்டுவிட்டால், ஏற்றியிருந்தது இறங்கிவிடும். ஆட்கள், பிள்ளைகள், கோழி எல்லாம் பின்னால் நிற்கட்டும்.

பிரிப்பதற்கு முன்பே நோய் எங்கே என்று ஓரளவு தெரிந்துகொள்ளலாம். குழலும், ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் சின்ன டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்து ஒரு குண்டு சுடுங்கள். பேப்பர் பறந்தால் அந்த மூட்டு வாஷரில் காற்று கசிகிறது. அது பத்து நிமிட வேலைதான். பழைய வாஷரை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, எண்ணெயில் ஊறிய தோலில் அதே அளவு வட்டம் வெட்டி, இரும்பு மட்டத்துக்கு மயிரிழை மேலே நிற்கும்படி அமுக்கினால் போதும். பேப்பர் அசையவே இல்லை, ஆனாலும் குண்டு பத்தடி தாண்டி மண்ணில் விழுகிறது என்றால் உள்ளே இருக்கும் பெரிய வாஷரோ ஸ்பிரிங்கோ போயிருக்கிறது. குழல் இடமும் வலமும் ஆடினால் கீல் போல்ட்டை இறுக்குங்கள். ஸ்பிரிங் தள்ளாத நிலையில் குழலை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் அளவு.

இனி ஸ்பிரிங். இந்த வேலையில் ஆபத்து இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். ஏற்றாத துப்பாக்கியிலும் உள்ளே ஸ்பிரிங் ஓரளவு அமுங்கியேதான் உட்கார்ந்திருக்கும். கட்டையின் ஸ்க்ரூக்களைக் கழற்றி இரும்பைத் தனியாக எடுத்ததும், சிலிண்டரின் பின்பக்கம் ஒரு அடைப்பு தெரியும். சில மாடல்களில் மரையோடு திருகியிருக்கும், சிலதில் குறுக்கே பின் அடித்திருப்பார்கள். அந்தப் பின்னைத் தட்டின நொடியில் அடைப்பு பாய்ந்து வரும். முதல் துப்பாக்கியில் நான் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். பின் கழன்றதும் அடைப்பு கையை மீறிப் போய்ச் சாளைத் தகரத்தில் பள்ளம் விழ அடித்தது. என் முகம் ஒரு சாண் தள்ளி இருந்தது. அன்று முதல் தச்சர்கள் பலகை ஒட்டப் பிடிக்கும் நீள கிளாம்ப் இல்லாமல் நான் பிரிப்பதே இல்லை. வாய்ப்பக்கம் ஒரு மரக்கட்டை, அடைப்பின் மேல் ஒரு மரக்கட்டை, இரண்டையும் கிளாம்பில் இறுக்கி, அழுத்தம் கிளாம்புக்குப் போனது தெரிந்த பிறகு பின்னைத் தட்டுங்கள், பிறகு கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். இரண்டு அங்குலத்துக்கு மேல்கூட ஸ்பிரிங் விரிந்து வரலாம், கிளாம்பில் அதற்கு இடம் விட்டுப் பிடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாமான் கழலும்போதும் போனில் ஒரு படம்.

வெளியே வந்த ஸ்பிரிங்கை ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் உருட்டிப் பாருங்கள். நேராக உருண்டால் அதையே போடலாம். தவ்வித் தவ்வி உருண்டால் வளைந்திருக்கிறது. புதுசு வேண்டுமென்றால் நம் ஊரில் கவலையே இல்லை, மோட்டார் பம்பு செய்யும் கோயமுத்தூரில் ஸ்பிரிங் சுற்றிக் கொடுக்கும் பட்டறைக்கா பஞ்சம்? கம்பித் தடிமன், வெளிவிட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு, பழசையும் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு முனையையும் தட்டையாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். தடித்த கம்பி கேட்காதீர்கள். துப்பாக்கி உதறும், குறி கெடும், 20 ஜூல் வரம்பையும் தாண்டிவிடலாம்.

இப்போது வாஷர். பிஸ்டன் தலையில் கிண்ணம் போல உட்கார்ந்திருக்கும் தோல் அது. ஸ்பிரிங் வெறும் பிஸ்டனைத் தள்ளுகிறது, குண்டைத் தள்ளுவது முன்னால் நெருக்கப்படும் காற்று, அந்தக் காற்றைப் பின்னால் விடாமல் பிடிப்பது இந்தத் தோல் விளிம்பு. எங்கள் அப்பிச்சி துப்பாக்கியில் இருந்தது, விரலால் நசுக்கினதும் காய்ந்த வெற்றிலை போல் நொறுங்கியது. அதை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனபோது அங்கிருந்த பெரியவர் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது அடிபம்பு வாஷராட்டமே இருக்குதுங்களே?" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி, வேலையும் அதே வேலை.

புது வாஷருக்குப் பட்டை போட்டுப் பதப்படுத்திய தோல்தான் வேண்டும், அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் பதப்படுத்துவார்களே, அந்த ஜாதி. குரோம் உப்பில் பதப்படுத்திய தோல் அச்சில் நிற்காது. ஈரோட்டில் தோல் பதனிடும் தொழில் இருப்பதால் துண்டுத் தோல் கிடைப்பது கஷ்டமில்லை. மூன்று மில்லிமீட்டர் தடிமன் போதும். லேத்தில் சிலிண்டரின் உள்விட்டத்துக்கு ஒரு இரும்பு வளையமும், அதைவிட இரண்டு பக்கமும் தோல் தடிமன் அளவு குறைவாக ஒரு மரக்கட்டையும் கடைந்து வாங்குங்கள். தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, வளையத்தின் மேல் விரித்து, கட்டையால் வைஸில் மெதுவாக அமுக்கினால் கிண்ணமாக இறங்கும். நிழலில் இரண்டு நாள் அப்படியே விடுங்கள். வெயிலில் வைத்தால் சுருங்கிக் கோணும். காய்ந்த பிறகு விளிம்பைப் புது பிளேடால் ஒரே மட்டமாக வெட்டி, நடுவில் ஸ்க்ரூ ஓட்டை போட்டு, ஒரு இரவு முழுக்க எண்ணெயில் ஊறவிடுங்கள். மாட்டுக்குளம்பு எண்ணெய் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் சுத்தமான விளக்கெண்ணெய். நான் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுத் தட்டு மூடி வைத்தேன். காலையில் தோல் தேன் நிறத்துக்கு மாறி, கனத்து, அமுக்கினால் மெத்தென்று திரும்பி வந்தது. வடியவிட்டுத் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே பூட்ட வேண்டும். சிலிண்டருக்குள் எண்ணெய் தேங்கி நின்றால் அழுத்தத்தின் சூட்டில் டீசல் இன்ஜின் போலத் தீப்பிடித்து வெடிக்கும், புகை வரும், ஸ்பிரிங்கும் வாஷரும் சேர்ந்து போகும். மெஷின் ஆயில், துருநீக்கும் ஸ்ப்ரே இவற்றை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

பூட்டும் முன் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் நனைத்த துணியைக் குச்சியில் சுற்றித் துடையுங்கள், துணி வெள்ளையாக வரும்வரை. ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன் பக்கவாட்டுக்கும் மாலி கிரீஸ் (மாலிப்டினம் கலந்தது) கொஞ்சமாகத் தடவினால் போதும். வாஷர் விளிம்பு சிலிண்டர் ஓரத்தில் கீறாமல் விரலால் மடித்துவிட்டபடி உள்ளே தள்ளுங்கள். கிளாம்பில் மறுபடி அமுக்கிப் பின்னைப் போடுங்கள்.

ட்ரிகருக்குள் இருக்கும் கொக்கிகளை அரம் போட்டு மெருகேற்றச் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். தேய்ந்த கொக்கி ஏற்றிய ஸ்பிரிங்கைத் தானாக விட்டுவிடும். அழுக்கை மட்டும் கழுவுங்கள். பூட்டி முடித்ததும் ஒரு குண்டு போட்டு ஏற்றி, வாயை மணல் பக்கம் வைத்து, ரப்பர் சுத்தியால் கட்டையின் பின்பக்கம் நான்கைந்து தட்டு தட்டுங்கள். தானாக வெடித்தால் அந்தத் துப்பாக்கியைச் சுவரில் அலங்காரமாக மாட்டிவிடுங்கள்.

கட்டைக்கு மண்ணைச் சுரண்டி, மெல்லிய உப்புத்தாள் ஓட்டி, ஆளிவிதை எண்ணெயை நாலு நாளுக்கு ஒரு கை தடவினால் மரம் உயிர் பெறும். துருவை எண்ணெய் நனைத்த நைஸ் இரும்பு நாரால் தேய்த்தாலே போதும், பழைய கறுப்பு நிறத்தை உரித்துவிடாதீர்கள். கட்டை ஸ்க்ரூக்களை இறுக்கமாக முடுக்குங்கள். குறி சிதறுவதற்கு முக்கால்வாசி காரணம் அவை தளர்ந்திருப்பதுதான்.

சோதிக்க 10 மீட்டர் போதும், 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும் இதே தூரத்தில், இதே 4.5 மில்லிமீட்டர் குண்டில்தான். பழைய பெட்டியில் மணல் நிரப்பி முன்னால் அட்டை ஒட்டுங்கள். குண்டு போடாமல் வெறுமனே சுடாதீர்கள், பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் அறையும். ஈயக் குண்டு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோட்டத்துக்கு வரும் மயிலையும் அணிலையும் குறிபார்க்க வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் தோட்டத்து வேலிக்குள்ளும் செல்லும். முதல் இருபது குண்டு கொஞ்சம் புகையோடு, மேலும் கீழுமாகப் போகும். வாஷர் சிலிண்டரோடு பழகப் பழக, முப்பது நாற்பது குண்டுக்குள் சத்தம் மாறிவிடும், 'டங்'கென்று அதிர்ந்தது 'டப்'பென்று ஒரே தட்டாகும்.