வெனீர் ஒட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பலகை மேல் ஒட்டும் மெல்லிய மரத்தாளான வெனீர் கொப்புளம் போட்டால் பழி பசையின் மேல்தான் விழும். பெரும்பாலும் தவறு அதற்கு முன்பே நடந்திருக்கும். இன்று கடையில் கிடைக்கும் வெனீர் பொதுவாக 0.5 மி.மீ. தடிமன்தான். ஆனாலும் அது மரம்: ஈரம் பட்டால் ரேகைக்குக் குறுக்காக விரியும், காய்ந்தால் சுருங்கும்.

அதனால்தான் முகப்பில் மட்டும் ஒட்டிவிட்டுப் பின்பக்கத்தை வெறுமனே விடக் கூடாது. ஒட்டிய அன்று பலகை நேராகவே இருக்கும். பசை காயக் காய வெனீர் சுருங்கி, பலகையைத் தன் பக்கம் இழுக்கும். அலமாரிக் கதவில் இது உடனே தெரிந்துவிடும். கீல் பக்கம் ஒழுங்காக மூடியிருக்கும், எதிர்ப்பக்க மூலை மட்டும் விலகி நிற்கும். பின்னால் விலை குறைந்த வெனீரே போதும். தடிமனும் ரேகைத் திசையும் முகப்பை ஒத்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தி ஒட்டிவிடுவது நல்லது. பிளைவுட் என்றால், அதன் மேலடுக்கு ரேகைக்குக் குறுக்காக வெனீர் ரேகை ஓடட்டும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகைக்கு ரேகையே கிடையாது, அந்தக் கவலையும் இல்லை.

வெள்ளைப் பசையைப் பலகையில் மட்டும் தடவுங்கள். வெனீரில் தடவினால் அது தண்ணீரைக் குடித்துச் சுருண்டுகொள்ளும். சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை, அதாவது எட்டுக்கு நான்கடி ஷீட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய அரை கிலோ. அதிகமானால் துளை பெரிதாக உள்ள மரங்களில் பசை முகப்புக்குக் கசிந்து வரும். அந்த இடம் சாயம் ஏறாமல் திட்டுத்திட்டாக நிற்கும். கிளாம்பை நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி இறுக்குங்கள். ஓரத்தை முதலில் இறுக்கினால் மிச்சப் பசை நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கிளாம்பே தேவையில்லை என்று ரப்பர் பசையை எடுப்பவர்கள் பலர். அது காய்ந்த பிறகும் சற்று இளகியே இருக்கும். மேலே அடிக்கும் லாக்கர் பாலிஷின் தின்னர் துளை வழியே இறங்கி அதை இளக்கிவிட்டால், பளபளப்பான பரப்பில் கொப்புளம் எழும். பெரிய பரப்புக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

ஒரே வெனீர்க் கட்டிலிருந்து எடுத்த தாள்களுக்கு வரிசை எண் போட்டு வையுங்கள், கலைந்தால் ரேகை சேராது. புத்தகம் விரித்தாற்போல் ஜோடி சேர்க்கும்போது ஒரு தாள் புரண்டு விடுவதால் வெளிச்சம் இரண்டிலும் வேறு விதமாக விழும். ஒன்று வெளிறியும் ஒன்று கருத்தும் தெரியலாம். தின்னரில் நனைத்த துணியால் முன்கூட்டியே துடைத்துப் பார்த்தால் பாலிஷுக்குப் பின் வரும் நிறம் ஓரளவு புரியும். ஓக் மரத்தில் ஈரத்தோடு இரும்பு படக் கூடாது, கருநீலக் கறை பிடிக்கும்.

பெரிய இழப்பு உப்புத்தாளில்தான். 80 நம்பர் போன்ற முரட்டுத் தாளோடு மெஷினை வைத்தால் ஓரங்களில் சில நொடிகளில் அடிப்பலகை தெரிந்துவிடும். பரப்பெங்கும் பென்சிலால் லேசாகக் கிறுக்கி, 180-இல் தொடங்கி, கிறுக்கல் மறைந்ததும் நிறுத்தி 220-க்குப் போங்கள். ஓரங்களைக் கட்டை வைத்துக் கையால் தேயுங்கள்.

பாலிஷுக்கு முன் நகத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் ரேகையோடு பிளேடால் கீறி, ஊசியால் பசை செலுத்தி, பிளாஸ்டிக் தாள் வைத்து அழுத்தினால் சரியாகும். தேய்ந்து போன வெனீருக்கு இப்படி வழி கிடையாது. அந்தத் தாளையே மாற்ற வேண்டியிருக்கும்.