பொமரேனியனின் வம்சாவளியைப் பழைய கென்னல்கள் வரை தேடிச் செல்வது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வொர்த்திலும் பொமரேனியன் வளர்க்கும் நம்மவர் பலர், குட்டியோடு வந்த வம்சாவளிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைப் படித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. அந்தத் தாளில் உள்ள பெயர்களிலிருந்து, 1890-களில் இந்த இனத்துக்கு இன்றைய சிறிய வடிவத்தைத் தந்த பிரிட்டிஷ் கென்னல்களை, அதாவது நாய் வளர்ப்பகங்களை, நோக்கி எப்படிப் பின்னோக்கி நடப்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் நாய் உண்மையிலேயே பொமரேனியன்தானா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பொமரேனியன் என்ற பெயரில் தெருவுக்குத் தெரு வளர்க்கப்படும் வெள்ளை நாய் பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறொரு இனம் என்பதால், அங்குள்ள உறவினர் சொல்லும் விவரங்களை இங்குள்ள நாயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்தபடியாகச் செய்ய வேண்டியது, நாயின் பதிவு எண்ணைக் கொண்டு, கேப் டவுனில் தலைமை அலுவலகம் உள்ள, நாய்களைப் பதிவுசெய்யும் அமைப்பான கென்னல் யூனியன் ஆஃப் சதர்ன் ஆஃப்ரிக்காவிடம், அதாவது குசாவிடம், முறையான வம்சாவளிச் சான்றிதழைக் கேட்டுப் பெறுவது. விற்பவர் கணினியில் தயாரித்துத் தரும் தாளை மட்டும் நம்ப வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். என் முதல் குட்டியோடு எனக்குக் கிடைத்த தாளில் பொன் நிற ஓரமும், மேலே ஒரு கிரீடமும், விக்டோரியா அரசியின் வழி வந்தது என்ற ஒரு வரியும் இருந்தன. சமையலறை மேசையில் அதை விரித்து, ஒவ்வொரு பிறந்த தேதியின் மேலும் விரலை வைத்துப் பார்த்தபோது, தந்தை நாய் தன் மகனுக்கு ஐந்து மாதம் கழித்துப் பிறந்ததாக எழுதியிருந்தது தெரிந்தது. ஆகவே எந்தத் தாள் கைக்கு வந்தாலும் தேதிகளைச் சரிபார்ப்பதுதான் முதல் வேலை.

தேடலை எப்போதும் இன்றைய நாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் குடும்பங்களில், ஒப்பந்தத் தொழிலாளராக வந்த முன்னோரின் கப்பல் பட்டியலைத் தேடியவர்களுக்கு இது பழக்கமான முறை. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும் என்றாலும், அந்தக் கப்பலிலிருந்து தொடங்கினால் நம் வீட்டுக்கு வழி கிடைக்காது. ஆயாவின், அதாவது பாட்டியின், பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்கி, அவருடைய தந்தை, அவருக்கும் தந்தை என்று ஏறிப் போனால்தான் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவேட்டில் உள்ள எண்ணைத் தொட முடியும். நாய்க்கும் இதே வழிதான்.

ஐந்து தலைமுறைச் சான்றிதழில் 62 முன்னோர் இருப்பார்கள். அவர்களுடைய பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பெயரிலும் கென்னல் பெயர் எது, நாயின் பெயர் எது என்று பிரிக்க வேண்டும். பொதுவாக, பெயரின் முன்னால் நிற்பது நாயைப் பிறப்பித்த கென்னலின் பெயர்; பின்னால் 'ஆஃப்' என்ற சொல்லோடு நிற்பது பிறகு அதை வாங்கியவருடைய கென்னலின் பெயர். எடுத்துக்காட்டாக, பிக்சிடவுன் செரனேட் ஆஃப் ஹாட்லி என்ற பெயரைப் பார்த்தவுடன், அது பிக்சிடவுனில் பிறந்து ஹாட்லிக்குப் போன நாய் என்று படிக்கலாம். ஆனால் இந்த ஒழுங்கை விக்டோரியா காலத்துப் பெயர்களில் எதிர்பார்க்கக் கூடாது, ஏனென்றால் அக்காலத்தில் வாங்கியவர்கள் நாயின் பெயரையே மாற்றிவிடுவது சாதாரணமாக நடந்தது. ராப் ஆஃப் ரொசெல் போன்ற பெயரில் 'ஆஃப்' இருப்பதை மட்டும் வைத்து அது வாங்கப்பட்ட நாய் என்று முடிவு செய்ய முடியாது.

பழைய கென்னல் பெயர்களைப் புரிந்துகொள்ள மிக எளிய வழி, அவற்றை வரைபடத்தில் தேடுவது. நம் முன்னோர் ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்ததைப் போலவே அவர்களும் வீட்டின் பெயரையோ ஊரின் பெயரையோ வைத்தார்கள். கேட்ஏக்கர் என்பது லிவர்பூலை அடுத்த ஊர். அங்கே வாழ்ந்த திருமதி ஹால் வாக்கரின் நாய்கள் அந்தப் பெயரைத் தாங்கின. ரொசெல், ஸ்காட்லாந்தின் ஏர் நகரத்தில் ஹாமில்டன் குடும்பத்துக்கு இருந்த மாளிகை; மிஸ் ஹாமில்டனின் நாய்கள் அந்தப் பெயரோடு கண்காட்சிக்குப் போயின. திருமதி வேல் நிக்கலஸின் ஷெல்டன் இவற்றுக்குச் சற்றுப் பிந்தியது. வின்ட்சர் என்ற பெயர் வந்தால் அது விக்டோரியா அரசியின் சொந்தக் கென்னல்.

அந்த வின்ட்சர் கென்னலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1767-இல் சார்லட் அரசி ஃபீபி, மெர்குரி என்ற இரண்டு பொமரேனியன்களை இங்கிலாந்துக்கு வரவழைத்தார். அவை இன்றையவற்றைவிடப் பல மடங்கு பெரியவை. அவருடைய பேத்தி விக்டோரியா, 1888-இல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் மார்கோ என்ற நாயைப் பெற்றார். அதன் எடை 12 பவுண்டு, அதாவது சுமார் 5.4 கிலோ. 1891-இல் அவருடைய நாய்கள் லண்டனின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் நின்றன. அதே ஆண்டு இங்கிலாந்தில் பொமரேனியன் கிளப்பும் தொடங்கியது. அரசி சிறிய நாயை விரும்புகிறார் என்று தெரிந்த பிறகு மற்றக் கென்னல்களும் அந்தப் பக்கம் திரும்பின. 1901 ஜனவரியில் அவர் இறக்கும் தறுவாயில் டூரி என்ற பொமரேனியன் அவருடைய படுக்கையில் இருந்தது. இவ்வளவு புகழ் இருப்பதால்தான் விற்பவர்கள் மார்கோவின் பெயரைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் கருத்து. ஆனால் 1890-களுக்கும் இன்றைக்கும் இடையில், ஒரு தலைமுறைக்கு 3 அல்லது 4 ஆண்டு என்று வைத்துக் கணக்கிட்டாலே, ஏறக்குறைய 34 முதல் 45 தலைமுறைகள் இருக்கின்றன. ஒரு நாய் மார்கோவின் வழி வந்தது என்பதை ஐந்து தலைமுறைத் தாள் ஒன்று நிரூபிக்கவே முடியாது.

ஐந்தாம் தலைமுறைக்கு மேலே போக, அந்த 62 பெயர்களில் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானவற்றை முதலில் பிடிக்க வேண்டும். அவற்றை லண்டன் கென்னல் கிளப்பின் ஸ்டட் புக்கில், அதாவது வம்சாவளிப் பதிவேட்டில், தேடலாம். அதன் முதல் தொகுதி 1874-இல் வெளிவந்தது. ஸ்டட் புக்கில் எல்லா நாயும் இடம்பெறாது, கண்காட்சியில் தகுதி பெற்றவை மட்டுமே இடம்பெறும் என்பதால், ஒரு பெயர் இல்லாததை வைத்து அந்த நாயே இருந்ததில்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

பொமரேனியனில் இதற்கு எடையும் ஒரு காரணம். 1896-இல் 8 பவுண்டுக்கு மேல், கீழ் என்று வகுப்புகள் பிரிக்கப்பட்டன. 1909-இல் அந்த எல்லை 7 பவுண்டாக இறங்கியது. 1915-இல் 7 பவுண்டுக்கு மேற்பட்டவற்றுக்குச் சாலஞ்ச் சான்றிதழ், அதாவது சாம்பியன் பட்டத்துக்கு வேண்டிய சான்றிதழ், தருவதே நின்றது. அதற்குப் பிறகு பெரிய பெட்டை நாய்கள் குட்டி ஈனுவதற்காகக் கென்னலில் இருந்திருந்தாலும், அவற்றின் பெயர் வெற்றிப் பட்டியல்களில் வராது. தாய்வழித் தேடல் தந்தைவழியைவிட அதிகமாக அறுந்துபோவதை நானும் கண்டிருக்கிறேன். அப்போது அதே ஈற்றில் பிறந்த உடன்பிறப்பு ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தால் தாயின் பெயர் அங்கே கிடைக்கலாம்.

எழுத்து வேறுபாட்டைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. குமாஸ்தாவின் பேனாவில் கவுண்டர் கோவெண்டர் ஆன நாட்டில் வாழும் நமக்கு இது புதிதல்ல. அரசியின் ஒரு நாயின் பெயரே ஜினா என்றும் ஜேனா என்றும் இரு விதமாக அச்சாகியிருக்கிறது. எனவே பெயரை மட்டும் ஒப்பிடாமல் பிறந்த தேதி, நிறம், தாய், தந்தை, பதிவு எண் ஆகியவற்றில் குறைந்தது மூன்று விவரங்களேனும் பொருந்தினால்தான் இரண்டும் ஒரே நாய் என்று நோட்டில் மையால் எழுதுங்கள். அதுவரை பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.