வாட் 201: முதல் கட்டத்திலேயே நடக்கும் பிழை

டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க. தென்னாப்பிரிக்க வரித்துறையான சார்ஸின் ஈஃபைலிங் இணையதளத்தில் வாட் 201, அதாவது மதிப்புக்கூட்டு வரிப் (வாட்) படிவத்தை நிரப்பும்போது, 1-ஆம் கட்டத்தில் (பெட்டியில்) வரி நீக்கிய விற்பனையைப் போடாதீர்கள். அங்கே 15 சதவீத வரியும் சேர்ந்த தொகைதான் போக வேண்டும். 11,500 ராண்ட் என்று போட்டால் அதை 15/115-ஆல் பெருக்கி, 4-ஆம் கட்டத்தில் 1,500 என்று வரும். வரியைக் கழித்து 10,000 போட்டால் 1,304.35 மட்டுமே வரும்; மிச்சம் 195.65 ராண்ட் உங்கள் தலையில் பாக்கியாக நிற்கும்.

கொள்முதலுக்குக் கட்டிய வரியைக் கழிக்க, கார்டு ரசீது போதாது. பில் 5,000 ராண்டைத் தாண்டினால் உங்கள் பெயர், முகவரி, வாட் எண்ணும் அதில் இருக்க வேண்டும். விற்றவரின் வாட் எண் 4-இல் தொடங்கும் 10 இலக்கம். சார்ஸ் தளத்திலேயே தேடிச் சரிபார்க்கலாம். வாடிக்கையாளருக்கு வாங்கிக்கொடுத்த விருந்துச் சாப்பாட்டை இதில் சேர்க்காதீர்கள், பொதுவாகச் செல்லாது.

ஈஃபைலிங்கில் தாக்கலுக்கும் பணத்துக்கும் கெடு, வரிக்காலம் முடிந்த அடுத்த மாதத்தின் கடைசி வேலைநாள். ஆனால் அங்கே பணம் செலுத்தும் பொத்தானை அழுத்துவதோடு வேலை முடியாது. அது வங்கிக்குப் போகும் கோரிக்கை மட்டுமே. வங்கிக் கணக்கில் நுழைந்து நீங்கள் அனுமதிக்காவிட்டால் பணம் நகராது, 10 சதவீத அபராதம் விழும். இரண்டு நாள் முன்னதாகவே முடித்துவிடுங்கள்.