பீடி சுற்றுகிறவர்கள் பென்ஷனுக்குத் தயாராவது எப்படி

நெல்லை மாவட்டத்தில் முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் பலருக்கும் பி.எஃப். (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) கணக்கு உண்டு; பென்ஷனும் அதன் வழியாகத்தான் வரும். முதல் வேலை, ஆதாரையும் பி.எஃப். பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் ‘எஸ். பாத்திமா’, மற்றதில் ‘பாத்திமா பீவி’ என்றிருந்தால் பென்ஷன் மனு திரும்பிவரும். கடைசி வருஷம் வரை இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாதப் பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். கம்பெனி மாறும்போது பழைய பணத்தை எடுத்துக் கல்யாணச் செலவில் போட்டால் அந்த சர்வீஸும் போய்விடும். எடுக்காமல், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள்.

பென்ஷன் வயது 58. 50லிருந்தே வாங்கலாம், ஆனால் முந்துகிற வருஷத்துக்கு 4 சதவீதம் வீதம் ஆயுசுக்கும் குறையும். 60 வரை பொறுத்தால் அதே வீதத்தில் கூடும்.

குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள். கூட்டப்போகிறார்கள் என்ற பேச்சை வைத்து வீட்டுக் கணக்குப் போடக்கூடாது. கூடினால் லாபம், அவ்வளவுதான்.

பென்ஷன் போதாத மிச்சத்துக்குத் தபால் நிலையச் சேமிப்பு. பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி, யாரும் தொடங்கலாம்) 15 வருஷம், ஆண்டுக்கு 500 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடிருக்கும், வட்டிக்கு வரியில்லை. 60க்குப் பிறகு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: போட்ட நாளின் வட்டி விகிதம் ஐந்து வருஷமும் மாறாது, ஆனால் வட்டி வரிக்கு உட்பட்டது. நாளை வரிச்சட்டம் எப்படி மாறுமோ, இரண்டிலும் கொஞ்சம் போடுவதே புத்தி.

பென்ஷன் வந்தபின் ஆண்டுதோறும் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும், தவறினால் பணம் நிற்கும். இலையும் தூளும் உரசி ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காவிட்டால், முகத்தைக் காட்டிப் பதியும் வசதி செல்போனிலேயே இருக்கிறது.