குரோஷேயில் வாஃபிள் தையல்: முதன்முறை போடுபவர்களுக்கு

சங்கிலி, சிங்கிள் குரோஷே, டபுள் குரோஷே மூன்றும் கைக்குப் பழகிவிட்டால், அடுத்து மேடுபள்ளமாக ஏதாவது போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். பலர் நேராக பாபிள், பாப்கார்ன் என்று உருண்டை உருண்டையாக நிற்கும் தையல்களுக்குப் போய்விடுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் ஒரே இடத்தில் நாலைந்து தையல்களைத் திணிக்க வேண்டும். பாபிளில் அத்தனை கண்ணிகளையும் ஒரே இழுப்பில் எடுக்க வேண்டியிருப்பதால், புதுக் கைக்கு ஊசி பாதி வழியிலேயே மாட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால், கட்டம் கட்டமாக மேடுபள்ளம் விழும் வாஃபிளில் தொடங்குங்கள் என்பேன். அதில் புதிதாகக் கற்க வேண்டிய அசைவு ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த டபுள் குரோஷேதான்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. முதல் சில வரிசைகள் தாண்டியதும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம். அடுத்த தையல் எது என்பதைத் துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். அது எப்படி என்று கீழே வருகிறேன்.

நூலும் ஊசியும்

லேபிளில் 4 என்று எண் போட்ட நடுத்தரத் தடிமன் நூல், 5 மி.மீ. ஊசி. பழகும்போது வெளிர் நிறத்தில், ஒரே நிறத்தில், வழவழப்பாக முறுக்கிய நூலாக எடுங்கள். கறுப்பு நூலிலும் ரோமம் ரோமமாக இருக்கும் நூலிலும் தையல் எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. வெறும் பயிற்சிக்கு அக்ரிலிக் போதும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணியாகப் பயன்படுத்துவதாக இருந்தால் பருத்தி மட்டுமே. அக்ரிலிக் சூட்டில் உருகிவிடும்.

கத்தரிக்கோல், மழுங்கிய முனையுள்ள தையல் ஊசி, தையலை அடையாளம் வைக்க இரண்டு ஸ்டிச் மார்க்கர் வேண்டும். மார்க்கர் இல்லையென்றால் சேஃப்டி பின் போதும்.

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர்கள். அமெரிக்கர்கள் டபுள் குரோஷே என்பதை பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள் என்பார்கள். பிரிட்டிஷ் டபுள் என்பது அமெரிக்க சிங்கிள். வேறு வீடியோவோ பேட்டர்னோ பார்த்து ஒப்பிடும்போது அது எந்த முறை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நமக்குத் தேவை ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிக்கொண்டு தொடங்கும் உயரமான தையல்.

புதிய அசைவு: ஃப்ரன்ட் போஸ்ட் டபுள் குரோஷே

ஒரு டபுள் குரோஷேயை உற்றுப் பாருங்கள். மேலே சடை பின்னியதுபோல் இரண்டு இழைகள் படுத்திருக்கும். அதைத் தலை என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே செங்குத்தாக நிற்கும் பகுதிதான் போஸ்ட், அதாவது தூண். இதுவரை ஊசியைத் தலைக்குள் விட்டே பழகியிருக்கிறீர்கள். இந்தத் தையலில் தலையைத் தொடவே மாட்டோம். தூணைச் சுற்றித்தான் போடுவோம்.

ஊசியில் நூலை ஒரு முறை சுற்றிக்கொள்ளுங்கள். தூணுக்கு வலது பக்கம் இருக்கும் இடைவெளியில் ஊசியை முன்பக்கத்திலிருந்து பின்னால் விடுங்கள். அப்படியே தூணுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது பக்க இடைவெளி வழியாக மறுபடி முன்னால் எடுங்கள். இப்போது ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள்: தூண் ஊசிக்கு முன்னால் குறுக்கே நிற்க வேண்டும், ஊசியின் முனை உங்களைப் பார்க்க வேண்டும். இந்தக் காட்சி சரியாக இருந்தால் மீதி எளிது. நூலைச் சுற்றி, தூணுக்குப் பின்னால் போன அதே வழியாக இழுத்து வாருங்கள். ஊசியில் மூன்று கண்ணிகள் இருக்கும். அப்புறம் வழக்கமான டபுள் குரோஷே போலத்தான். நூலைச் சுற்றி இரண்டு கண்ணிகள் வழியாக இழுக்க வேண்டும், மறுபடி சுற்றி மீதி இரண்டு வழியாக இழுக்க வேண்டும். இடக்கைக்காரர்கள் வலது, இடது என்பதை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முக்கியமான நுணுக்கம் ஒன்று. நூலை இழுத்து வரும் அந்த முதல் கண்ணியை நன்றாக மேலே தூக்குங்கள், பக்கத்துத் தையலின் உயரத்துக்கு வரும்படி. இந்தத் தையல் வழக்கத்தைவிடத் தாழ்வான இடத்திலிருந்து கிளம்புவதால், கண்ணியைக் குட்டையாக விட்டால் அந்த இடத்தில் துணி சுருங்கி இழுக்கும். வாஃபிள் விறைப்பாக வருகிறது, அடிப்பக்கம் மட்டும் அகலமாக விரிந்து தெரிகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

வரிசை வரிசையாக

சங்கிலியின் எண்ணிக்கை 3-இன் மடங்கோடு 2 சேர்ந்து வர வேண்டும். பயிற்சிக்கு 23 சங்கிலி போடுங்கள். முடித்தால் சுமார் 15 செ.மீ. அகலம் வரும். சங்கிலியை இறுக்கமாகப் போடும் கை என்றால், சங்கிலிக்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியை எடுங்கள்.

வரிசை 1: ஊசியிலிருந்து 4-ஆவது சங்கிலியில் முதல் டபுள் குரோஷே. பிறகு கடைசிவரை ஒவ்வொரு சங்கிலியிலும் ஒன்று. ஆரம்பத்தில் விட்ட 3 சங்கிலிகளும் சேர்ந்து ஒரு தையலாகக் கணக்கு. மொத்தம் 21 தையல்கள். திருப்புங்கள்.

வரிசை 2: 3 சங்கிலி போடுங்கள். இது முதல் தையல், அதனால் அதன் காலடியில் இருக்கும் தையலை விட்டுவிடுங்கள். அடுத்த தையலின் தூணைச் சுற்றி ஒரு ஃப்ரன்ட் போஸ்ட். அதற்கடுத்த இரண்டின் தலைகளில் சாதாரண டபுள் குரோஷே. இப்படியே ஒரு தூண், இரண்டு சாதா, ஒரு தூண், இரண்டு சாதா என்று போங்கள். கடைசியில் இரண்டு தையல்கள் மீதி இருக்கும். ஒன்றில் தூண், ஓரத்தில் நிற்கும் 3 சங்கிலியின் உச்சியில் ஒரு சாதா. எண்ணிப் பாருங்கள், 21 இருக்க வேண்டும். அதில் தூண் தையல் 7. இந்த வரிசையை முடித்ததும், உங்களைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஒரு மார்க்கரைக் குத்திவிடுங்கள். அதுதான் துணியின் வெளிப்பக்கம்.

வரிசை 3: திருப்பி 3 சங்கிலி. அடுத்த தையலின் தலையில் ஒரு சாதா. பிறகு அடுத்த இரண்டு தையல்களில் தனித்தனியாக ஃப்ரன்ட் போஸ்ட். இரண்டு தூண்களையும் சேர்த்து ஒரே வளைப்பில் பிடித்துவிடாதீர்கள். அப்புறம் ஒரு சாதா, இரண்டு தூண் என்று தொடர்ந்து, கடைசி இரண்டு தையல்களிலும் சாதா. மறுபடி 21.

வரிசை 4-க்கு வரிசை 2, வரிசை 5-க்கு வரிசை 3 என்று மாறி மாறிப் போட வேண்டியதுதான். முதல் மூன்று வரிசைகளில் பார்க்க ஒன்றும் இருக்காது. நாலாவது முடிந்த பிறகுதான் கட்டம் தலைகாட்டும். அதற்குள் ஏதோ தப்பு என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள்.

எண்ணாமல் எப்படிப் போடுவது?

வரிசை 2 முடிந்து துணியைத் திருப்பியதும் கவனியுங்கள். நீங்கள் தூணைச் சுற்றிப் போட்ட தையல்கள் எல்லாம் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கும். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவை உள்வாங்கித் தெரியும். சாதாத் தையல்கள் இரண்டிரண்டாக முன்னால் நிற்கும். வரிசை 3-இல் நாம் செய்தது என்ன? முன்னால் நிற்கும் அந்த இரண்டையும் தூணைச் சுற்றிப் பிடித்தோம், உள்வாங்கிய ஒன்றின் தலையில் சாதா போட்டோம். மறுபடி திருப்பினால் கதை தலைகீழ். இப்போது இரண்டிரண்டாக உள்வாங்கியிருக்கும், ஒன்று மட்டும் முன்னால் நிற்கும். அந்த ஒன்றைச் சுற்றிப் பிடிக்கிறோம்.

ஆக, எந்த வரிசையானாலும் விதி ஒன்றுதான்: உங்களை நோக்கித் துருத்தி நிற்பதைத் தூணைச் சுற்றிப் பிடியுங்கள், பின்வாங்கி நிற்பதன் தலையில் போடுங்கள். இரண்டு ஓரத் தையல்களும் எப்போதும் சாதா. இதைப் பிடித்துக்கொண்டால் பாதியில் எழுந்துபோய் இரண்டு நாள் கழித்து வந்தாலும், எந்த வரிசையில் விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

எங்கே தடுக்கும்?

புதிதாகப் போடுபவர்களுக்கு அதிகம் வரும் சிக்கல், தையல் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது. தூணைச் சுற்றிப் போட்டதும், அந்தத் தூணின் தலை நீங்கள் போட்ட தையலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதை ‘அடுத்த தையல்’ என்று நினைத்து அதிலும் ஊசியை விட்டுவிடுவார்கள். அது ஏற்கெனவே கணக்கு முடிந்த தையல். சந்தேகமாக இருந்தால் அந்தத் தலையை ஊசி முனையால் லேசாக இழுத்துப் பாருங்கள். எந்தத் தூண் அசைகிறதோ அதன் தலைதான் அது.

எண்ணிக்கை குறைந்து துணி முக்கோணமாகப் போகிறதென்றால், ஓரத்துச் சங்கிலியின் உச்சியில் போட வேண்டிய கடைசித் தையலை விட்டிருப்பீர்கள். ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் 3-ஆவது சங்கிலியில் மார்க்கரை மாட்டிவைத்தால் திரும்பி வரும்போது கண்ணில் படும். அந்த ஓரத்தில் ஓட்டை விழுந்தாற்போல் இருந்தால் 3-க்குப் பதில் 2 சங்கிலி போட்டுப் பாருங்கள்.

துணி மொத்தமாகத் தகடு மாதிரி விறைத்தால் ஊசியை 5.5 அல்லது 6 மி.மீ.க்கு மாற்றுங்கள். பின்பக்கம் முன்பக்கம் அளவுக்கு ஆழமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அது அப்படித்தான் இருக்கும்.

முடிப்பது

மார்க்கர் குத்திய பக்கம் உங்களைப் பார்க்கும் வரிசையில், அதாவது இரட்டைப்படை வரிசையில் நிறுத்துங்கள். மேல்வரிசைக் கட்டங்கள் முழுதாக முடிந்ததுபோல் இருக்கும். நூல் நுனியைப் பின்பக்கத்து மேடுகளுக்குள் நுழைத்து, ஒரு முறை திசை மாற்றியும் ஓட்டி வெட்டிவிடுங்கள்.

இஸ்திரிப் பெட்டி பக்கமே போக வேண்டாம். அழுத்தினால் மேடெல்லாம் படுத்துவிடும், அக்ரிலிக் என்றால் அது திரும்ப எழவே எழாது. ஈரப்படுத்தி, துண்டில் வைத்துத் தண்ணீரை ஒற்றி எடுத்து, சமமான இடத்தில் விரித்து, மூலைகளை நேராக்கிக் காயவிட்டால் போதும்.

பெரிதாகப் போட நினைத்தால் அதே கணக்குதான். 41 சங்கிலி போட்டால் 39 தையல், 62 போட்டால் 60. நூலை மட்டும் சற்றுத் தாராளமாக வாங்கிவையுங்கள். தையல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் வாஃபிள் சாதா டபுள் குரோஷேயைவிட அதிகம் நூல் தின்னும். ஒரே சாயத் தொகுதி எண் உள்ள உருண்டைகளாக முதலிலேயே எடுத்துவிட்டால் நடுவில் நிறம் மாறாது.