பெரிய பிரிண்டுக்கு எத்தனை மெகாபிக்சல் வேண்டும்?

கேமரா வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு போடுங்கள். படத்தின் அகலப் பிக்சலை 300-ஆல் (அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கு) வகுத்தால், கிட்டே வைத்துப் பார்த்தாலும் உடையாத பிரிண்டின் அகலம் அங்குலத்தில் கிடைக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் 6000 பிக்சல், அதாவது 20 அங்குலம். 45 மெகாபிக்சல் நிக்கான் இசட்7-இல் 8256 பிக்சல். 27 அங்குலத்துக்குச் சற்று மேல். மெகாபிக்சல் கிட்டத்தட்ட இரட்டிப்பு, அகலம் கூடியதோ ஏழே அங்குலம்!

சுவரில் மாட்டி ஆறடி தள்ளி நின்று பார்க்க 150-ஆல் வகுத்தாலே தாராளம். 24 மெகாபிக்சலே 40 அங்குலம் வரை போகும்.

அதனால் மிச்சப் பணத்தை நல்ல லென்ஸிலும் கனமான ட்ரைபாடிலும் போடுங்கள். கோத்தகிரியில் நான் எடுத்த தேயிலைச் சரிவு, கேமராத் திரையில் பளிச்சென்று இருந்தது. 36 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு வந்தால், முன்வரிசை இலைகள் மெழுகு மாதிரி குழைந்திருந்தன. பிக்சல் குறைவில்லை, காற்றில் ட்ரைபாட் ஆடியிருக்கிறது.

இன்னும் பெரிதாக வேண்டுமா? கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பக்கவாட்டில் ஐந்து படம் எடுத்து, கணினியில் ஒன்றாக ஒட்டுங்கள். அதே 24 மெகாபிக்சலில் 14,000 பிக்சலுக்கு மேல் அகலம் வரும். அப்புறம், அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, எஃப்/8, எஃப்/11-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் சுருக்கினால் படத்தின் கூர்மை குறையும்.