அம்பாசிடரின் பானட்டுக்குள் நாமே பெயின்ட் அடிக்கலாம்

எங்கள் வீடு தூத்துக்குடியில், கடற்கரைக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது. அப்பாவின் 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4 இன்னும் வாசலில்தான் நிற்கிறது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நாள் பானட்டைத் திறந்து பேட்டரித் தட்டின் மூலையை விரலால் அழுத்திப் பார்த்தேன். இரும்பு, நமத்த அப்பளம் போலப் பொலபொலவென்று உதிர்ந்தது. அன்றைக்கே ஆரம்பித்த வேலை இது. இன்ஜினின் மேல் மூடியான ராக்கர் கவர், ஏர் கிளீனர் டப்பா, பேட்டரித் தட்டு, சில பிராக்கெட்டுகள் என்று எல்லாவற்றையும் மாடிப்படிக்குக் கீழே வைத்து நானே அடித்து முடித்தேன். கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் இதற்குத் தேவையில்லை. கடையில் கிடைக்கும் ஸ்ப்ரே டப்பா போதும்.

முதலில் காலத்தைப் பாருங்கள். எங்கள் பக்கம் ஆடியில் அடிக்கிற காற்றில் மண் பறக்கும். ஈரப் பெயின்ட் அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காற்றின் ஈரம் பெயின்டின் பளபளப்பை வெளுக்கச் செய்துவிடும். மாசி, பங்குனிதான் சரி. அப்போதும் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள், நிழலில் அடியுங்கள். வெயிலில் காய்ந்த இரும்பின் மேல் அடித்தால் பெயின்ட் பரவுவதற்குள் உலர்ந்து, கைக்குச் சொரசொரவென்று இருக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றத் தொடங்குங்கள். பேட்டரியில் பாடியோடு சேரும் எர்த் வயரை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதுதான் கடைசி. ஏர் கிளீனரை எடுத்ததும் கார்புரேட்டர் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். ராக்கர் கவரை எடுத்தால், உள்ளே தெரியும் ராக்கர் ஷாஃப்டின் மேல் பாலிதீன் தாளைப் போர்த்துங்கள். அதற்குள் ஒரு மணல் விழுந்தாலும் எண்ணெயோடு போய் பேரிங்கை அரிக்கும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன். வாஷர் எந்தப் பக்கம், வயர் எந்த வழி என்ற கேள்வி வந்தபோதெல்லாம் அந்தப் படங்கள்தான் பதில் சொல்லின.

இந்த வேலையில் பெயின்ட் அடிப்பது அரை மணி நேரம். சுத்தம் செய்ய எனக்கு மூன்று நாள் ஆனது. ராக்கர் கவரின் விளிம்பு மடிப்பில் முப்பது வருட எண்ணெய் தார் போலக் கெட்டியாகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மடிப்புக்குள் மூங்கில் குச்சியை விட்டுச் சுரண்டினேன். பெட்ரோலைத் தொடவே தொடாதீர்கள். வீட்டுக்குள் அதன் ஆவி ஒரு சுவிட்சின் பொறிக்குக்கூடப் பற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெயோடு வேலை முடிவதும் இல்லை, அது தானே ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். கொதிக்கும் வெந்நீரில் சலவைத் தூளைக் கரைத்து இரண்டு முறை கழுவ வேண்டும். பிறகு நல்ல தண்ணீரை மேலே ஊற்றிப் பாருங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல் துளித்துளியாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். முழுப் பரப்பும் ஒரே படலமாக நனைந்தால் சுத்தம். உடனே துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். வெறும் இரும்பு ஈரத்தோடு ஒரு மணி நேரம் இருந்தால் மஞ்சளாகப் பூத்துவிடும்.

பேட்டரித் தட்டுக்கு வேறு வைத்தியம். அதில் ஊறியிருப்பது அமிலம். சமையலுக்கு வாங்கும் ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். நுரைத்துப் பொங்கியது. பொங்குவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அமிலத்தை முறிக்காமல் மேலே பெயின்ட் அடித்தால், பெயின்டுக்கு அடியிலேயே துரு பிடித்து ஆறு மாதத்தில் தோலாக உரிந்துவிடும்.

துருவுக்கு முதலில் கம்பி பிரஷ், அதன்பின் 80-ஆம் நம்பர் உப்புத்தாள், பிறகு 180, கடைசியாக 320. டிரில்லில் கம்பிச் சக்கரம் மாட்டினால் வேகமாக முடியும். ஆனால் அதிலிருந்து கம்பி தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இயக்கக் கூடாது. குழிக்குள் ஒளிந்திருக்கும் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி கடையில் கிடைக்கிறது. தடவினால் சிவப்பு கருநிறமாக மாறும். டப்பாவில் சொல்லியுள்ளபடி மிச்சத்தைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். பழைய பெயின்டை உரிக்கச் சிலர் காஸ்டிக் சோடா சொல்வார்கள். அலுமினியத்தில் அது பட்டால் உலோகத்தையே கரைத்துவிடும். காந்தம் ஒட்டாத பாகத்தில் அதைப் பயன்படுத்தாதீர்கள். இன்னொன்று: இன்ஜினிலிருந்து புகையை வெளியே எடுத்துச் செல்லும் மேனிஃபோல்டின் பழைய கேஸ்கெட்டில் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசியாமல் இருக்க வைக்கும் தாளில்) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அதை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசு கிளப்ப வேண்டாம்.

எந்த இடத்தில் பெயின்ட் படக் கூடாது என்பதில் நான் ஒரு முறை தவறு செய்தேன். பாடியில் எர்த் பட்டை உட்காரும் இடத்தையும் சேர்த்து அழகாகக் கறுப்படித்துவிட்டேன். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. சாவியைத் திருப்பினால் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. பேட்டரி, ஸ்டார்ட்டர் என்று அரை நாள் தேடிய பிறகுதான் காரணம் புரிந்து, அந்த இடத்தை வெள்ளி போல மின்னும்வரை சுரண்டினேன். ஆகவே எர்த் இடங்கள், போல்ட் மரை, கேஸ்கெட் உட்காரும் விளிம்பு, பெல்ட் ஓடும் பள்ளம் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மறையுங்கள். ராக்கர் கவரின் உட்புறத்திலும் ஏர் கிளீனரின் உட்புறத்திலும் கட்டாயம் அடிக்காதீர்கள். அங்கே உரியும் செதில் ஒன்று எண்ணெயில் விழும், மற்றது நேரே கார்புரேட்டருக்குள் போகும். எண்ணெய் மூடியில் மூச்சுவிடும் ஓட்டை இருந்தால் அதையும் அடைக்காமல் பாருங்கள்.

பெயின்ட் வாங்கும்போது எந்தப் பாகத்துக்கு என்று சொல்லிக் கேளுங்கள். ராக்கர் கவருக்கும் இன்ஜினை ஒட்டிய பிராக்கெட்டுகளுக்கும் 200 டிகிரி செல்சியசுக்கு மேல் தாங்கும் இன்ஜின் எனாமல் வேண்டும். ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமல் அங்கே மஞ்சளித்து உரியும். புகை மேனிஃபோல்டுக்கு 600 டிகிரி தாங்கும் சிலிகான் பெயின்ட் தனியாக வருகிறது. அதற்குக் கீழே சாதாரண ரெட் ஆக்சைடு பூசக் கூடாது, வெந்து உதிரும். பேட்டரித் தட்டில் வெப்பம் பெரிதில்லை, அங்கே எபாக்சி பிரைமர்தான் அமிலத்துக்கு ஈடுகொடுக்கும். அலுமினியப் பாகம் என்றால் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர். ஹார்டனர் கலந்து ஸ்ப்ரே கன்னில் அடிக்கும் டூ-கே பெயின்டை வீட்டில் முயல வேண்டாம். அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கேடு, அது தக்க ஏற்பாடு உள்ள பட்டறைக்கு உரியது. ஸ்ப்ரே டப்பாவுக்கும் துணி முகக்கவசம் போதாது. ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த கவசம் போடுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்போ பூஜை விளக்கோ பக்கத்தில் எரியக் கூடாது.

பாகங்களைக் கொடிக்கயிற்றில் கம்பி கட்டித் தொங்கவிட்டேன். எல்லாப் பக்கமும் கை போகும். தின்னர் தொட்ட பஞ்சற்ற துணியால் ஒருமுறை துடைத்தேன். அதன்பின் வெறுங்கையால் தொடவில்லை. டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் அளவு தள்ளி நின்று, பாகத்துக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, மறுபக்கம் பாகத்தைத் தாண்டிய பிறகு விரலை எடுங்கள். முதல் பூச்சு பனி படிந்ததுபோல் மெலிதாக இருக்கட்டும், அடியில் இருப்பது தெரிந்தாலும் பரவாயில்லை. பத்து, பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று மெல்லிய பூச்சு, ஒரு கனத்த பூச்சைவிட நீடிக்கும். அடுத்த பூச்சுக்கான நேரத்தை டப்பாவில் பார்த்து மதியுங்கள். பல எனாமல்களில் ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் ஒன்றிரண்டு நாள் காத்திருக்க வேண்டும். நான் சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி நேரம் கழித்து வந்து ஏர் கிளீனர் மூடியில் அடித்தேன். கண்ணெதிரே அது காய்ச்சிய பாலின் ஆடை போலச் சுருங்கியது. முழுவதையும் தேய்த்து எடுத்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

அடித்த பாகங்களை ஒரு வாரம் தொடாமல் வைத்திருந்தேன். சமையல் ஓவனில் வைத்துச் சூடேற்றும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த ஆவி பிறகு உணவில் சேரும். மாட்டும்போது ராக்கர் கவருக்குப் புதுக் கார்க் கேஸ்கெட் போடுங்கள். அது தகட்டாலான கவர். நட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் வளைந்து எண்ணெய் கசியும். ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் போதும். நட்டுக்கு அடியில் புது வாஷர் வைத்தால் பெயின்டும் கீறாது.

முதல் முறை இன்ஜினைப் பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு முழுதாக ஆறவிடுங்கள். அடுத்தது இருபது நிமிடம், மறுபடி ஆறட்டும். எனாமல் அந்தச் சூட்டில்தான் கெட்டிப்படும். முதலில் கொஞ்சம் வாடையும் மெல்லிய புகையும் வரும், பயப்பட வேண்டாம். இப்போது மூன்று வருடமாகிவிட்டது. மாதம் ஒரு முறை ஈரத்துணியால் துடைக்கிறேன், பேட்டரி முனைகளில் வாசலின் தடவுகிறேன். போன வாரம் எண்ணெய் பார்க்கப் பானட்டைத் திறந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, அப்பா இருந்தபோதுகூட இது இப்படி இல்லையே என்றார்.